சாராஅத்

எபிரேய விவிலியத்தில் லேவியர் நூலின் 13, 14ஆம் அதிகாரங்களில் வரும் சொல் இது. பழைய தமிழ் வேதாகமம் இதைக் 'குஷ்டரோகம்' என்கிறது; 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'தொழுநோய்' என்கிறது. மூலச்சொல்லின் பொருள் இவற்றைவிட விரிந்தது. தோலில் எழும் வெண்தடிப்பு மட்டுமல்ல, ஆடையில் படரும் பச்சை, சிவப்புக் கறையும், வீட்டுச் சுவரில் பிடிக்கும் பூசணம் போன்ற கறையும் சாராஅத்தான். மேனி முழுவதும் வெளுத்துவிட்டவரைத் தூய்மையானவர் என்றே குரு அறிவிக்க வேண்டும் (13:13). ஆக, இது மருத்துவப் பெயரன்று. வழிபாட்டுத் தூய்மை சார்ந்த சொல்.

கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் இதற்கு 'லெப்ரா' என்றார்கள். செதிலைக் குறிக்கும் 'லெபிஸ்' என்ற சொல்லின் உறவு அது. பிற்காலத்தில் அந்தப் பெயர் வேறொரு நோயின்மேல், இன்று நாம் தொழுநோய் என்று அழைக்கும் நோயின்மேல், ஏறியது. அந்நோயின் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். ஆனால் பெயரோடு ஒட்டிவந்த தீட்டும், 'பாவத்தின் தண்டனை' என்ற பழியும் நோயாளிகளை விடவில்லை. கூட்டு மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய் இது. பாவத்துக்கு உவமையாகத் தொழுநோயைச் சொல்வதைப் போதகர்கள் இனியாவது கைவிட வேண்டும்.