உத்தரமேரூர்ச் சபை செய்த வியவஸ்தை

திருக்கோயிலை வலம் வருவோர், சுவர்களிற் செறிந்து கிடக்கும் எழுத்துக்களைப் பெரும்பாலும் நோக்காமலே கடந்து செல்வர். நந்தாவிளக்குக்கு ஆடு விட்டவர், திருவமுதுக்கு நிலம் அளித்தவர் முதலியோரின் அறங்களே அவற்றுள் மிகுதியாகக் காணப்படும். ஆயினும் உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் உள்ள இரண்டு சாசனங்கள் வேறு வகையின. ஊர்ப் பொதுப்பொருளை எவர் கையில் ஒப்புவிப்பது என்னும் பிணக்கு மிகுந்த பொருளை, ஊர்ச் சபையார் கூடி ஆராய்ந்து முடிவு கண்ட வரலாற்றை அவை உரைக்கின்றன.

முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 919இல் ஒரு வியவஸ்தை செய்யப்பட்டது. 14ஆம் ஆண்டாகிய 921இல் அதனைத் திருத்தி மற்றொன்று செய்யப்பட்டது. இரண்டு காலத்தும் அரசனின் ஆணையும் அதிகாரி ஒருவரும் வந்ததுண்டு. எனினும் வியவஸ்தை செய்தவர்கள் சபையாரே என்பது சாசனத்தின் நடையிலேயே விளங்குகிறது. தீயோர் ஒழிந்து நல்லோர் தழைக்கவேண்டும் என்பதே நோக்கமாகக் கூறப்பட்டுள்ளது. முன்னைய விதியில் இருந்த குறை இன்னதென்று கல் சொல்லவில்லை. ஆயின் இரண்டனையும் ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு அது மறைபொருள் அன்று.

முந்திய விதி, வாரியம் செய்து ஒழிந்தவர்க்கு நெருங்கிய உறவினர் ஆகாதவரையே கொள்க என்று பொதுவாகக் கூறி நின்றது. நெருங்கிய உறவு எது என்பதில் வழக்கு எழாதிருக்குமா? பிந்திய விதி, வாரியம் செய்து கணக்குக் காட்டாது இருந்தவரை முதற்கண் விலக்குகிறது. பின்னர் அவருடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், தந்தை, உடன்பிறந்தார், மருமகன் என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவர்களையும் விலக்குகிறது. தான் ஒதுங்கி மைத்துனனை முன்னிறுத்தும் உபாயத்தைச் சபையார் நன்கறிந்திருந்தனர் போலும்! வயதெல்லையும் 30 முதல் 60 என்பதிலிருந்து 35 முதல் 70 என மாற்றப்பட்டது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் எடுத்த வீடும் வேண்டும். வேதம் கற்றவர்க்கு அரைக்கால் வேலியும் போதும்.

குடவோலை எடுக்கும் முறையில் திருக்கோயிலுக்கு உரிய இடம் அன்பர்கள் கருதத்தக்கது. சிறியோரும் பெரியோருமாக மகாசபை நிரம்பக் கூடும். அன்று ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் எஞ்சாமல் சபை நடுவே இருத்தப்படுவர். 30 குடும்புகளுக்கும் ஓலைகளைத் தனித்தனியே கட்டிக் குடத்திலிட, நம்பிமாருள் மூத்தவர் அக்குடத்தை எல்லாரும் காணுமாறு மேலே தூக்கி நிற்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத பாலன் ஒருவன் ஒரு கட்டினை எடுப்பான். அதனை வேறு குடத்திலிட்டுக் குலைத்து, மீண்டும் ஓர் ஓலை எடுக்கப்படும். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். அவன் ஒருவன் வாசித்தது போதாது. நம்பிமார் எல்லாரும் வாசிக்கவேண்டும். அதன் பின்னரே பெயர் எழுதப்படும்.

இவ்வாறு வந்த முப்பதின்மருள், தோட்டவாரியமும் ஏரிவாரியமும் முன்பு செய்த, கல்வியும் முதுமையும் உடைய பன்னிருவர் சம்வத்சரவாரியர். ஏனையோருள் பன்னிருவர் தோட்டவாரியர். எஞ்சிய அறுவர் ஏரிவாரியர். காலம் 360 நாள். இடையே குற்றம் கண்டால் அப்போதே நீக்கப்படுவர்.

இதனை இக்காலக் குடியாட்சியின் முழு உருவமென்று மேடைகளிற் புகழ்வது மிகையாகும். நிலமும் கல்வியும் உடைய அந்தணரின் அவை அது. பெண்டிர்க்கும் உழுகுடிகளுக்கும் அதில் இடமில்லை. ஆயினும் தம்முள் ஒருவர் தவறக்கூடும் என்பதை மறையாது பேசி, இரண்டே ஆண்டில் தம் விதியைத் தாமே திருத்திக்கொண்ட துணிவு எளிதன்று. திருத்தியதை ஓலையில் மட்டும் எழுதி வைத்திருந்தால் செல்லுக்கு இரையாகியிருக்கும்; கணக்குக் காட்ட மனமில்லாதவர் கைக்கும் எட்டியிருக்கும். சபையார் அதனை எல்லாரும் வந்து வணங்கும் இடத்துக் கல்லில் வெட்டுவித்தனர்.

1898இல் தொல்பொருள் துறையினர் இச்சாசனங்களைப் படியெடுத்தனர். அறிஞர் வெங்கையா 1904-05ஆம் ஆண்டின் தொல்பொருள் அறிக்கையில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அச்சுவர் உத்தரமேரூரில் இன்றும் நிற்கிறது.