கவட்டை எலும்பு பிறந்த கதை

கோழியின் கழுத்து நெஞ்சோடு சேருமிடத்தில், கவட்டைபோல இரண்டாகப் பிரிந்த சின்ன எலும்பு ஒன்று உண்டு. நம் வீடுகளில் அதைக் கடித்துத் தட்டோரம் வைத்துவிடுவோம். அமெரிக்காவில் விருந்து முடிந்ததும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுப்பார்கள். பெரிய துண்டு யார் கைக்கு வருகிறதோ அவர் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால் அந்த எலும்புக்கு அங்கே ‘விஷ்போன்’ என்று பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய ஓர் அமெரிக்க ஃபுட்பால் வியூகம் 1968-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் அதற்கு ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. அடுத்த 30 ஆட்டங்களில் ஒரு தோல்விகூட இல்லை.

விஷ்போன் என்றதும் அமெரிக்க ரசிகர்கள் சொல்லும் பெயர் டாரெல் ராயல். டெக்சாஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர். இன்று அந்த அணியின் மைதானமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வியூகத்தைக் காகிதத்தில் வரைந்தவர் எமரி பெலர்ட். ராயலுக்குக் கீழே ‘அஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர்’ வேலை பார்த்தவர். பந்து நம் கையில் இருக்கும்போது பதினொரு பேரும் எங்கே நிற்பது, யார் எந்தப் பக்கம் ஓடுவது, யார் யாரைத் தடுப்பது என்று திட்டம் வகுக்கும் வேலை அது. ஜெயித்தால் தலைமைப் பயிற்சியாளரைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் முதலில் வேலை போவது பெரும்பாலும் இவருக்குத்தான். கல்லூரி ஃபுட்பாலில் இந்த நாற்காலியைப்போல நிலையில்லாத நாற்காலி குறைவு.

பெலர்ட் அந்த நாற்காலிக்கு வந்த வழிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1927-ல் டெக்சாஸின் லூலிங் என்ற சிற்றூரில் பிறந்தவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போய், கால் முறிந்து, வேறு கல்லூரிக்கு மாறினார். பிறகு பள்ளிக்கூடப் பயிற்சியாளர் ஆனார். 1952 முதல் 1966 வரை இங்கிள்சைட், பிரெக்கன்ரிட்ஜ், சான் ஆஞ்சலோ என்று மூன்று ஊர்ப் பள்ளிகளில் தலைமைப் பயிற்சியாளர். வெள்ளிக்கிழமை இரவு ஊரே கடையடைத்துவிட்டு மைதானத்துக்கு வரும் மாநிலம் அது. பிரெக்கன்ரிட்ஜுக்கு 1958, 1959-லும் சான் ஆஞ்சலோவுக்கு 1966-லும் மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1959 பட்டம் மட்டும் இறுதி ஆட்டம் சமனானதால் பங்கு போட்டுக்கொண்டது.

கல்லூரிப் பயிற்சியாளருக்குப் பிடித்த ஆட்டக்காரரை ஊர் ஊராகத் தேடிப்பிடிக்கும் வசதி உண்டு. பள்ளிக்கூடத்தில் அது கிடையாது. அந்த வருடம் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். ஃபோர்ட் வொர்த் நகரில் ஸ்பட் கேசன் என்றொரு நடுநிலைப் பள்ளிப் பயிற்சியாளர் இருந்தார். அவருடைய அணியில் பந்தை ஏந்தி ஓடும் ஃபுல்பேக் மெதுவாக ஓடுகிறவன். பந்து வாங்கி அவன் முன்வரிசைக்கு வந்து சேர்வதற்குள் எதிரணி வழியை அடைத்துவிடும். கேசன் பையனை மாற்றவில்லை. அவன் நிற்கும் இடத்தை முன்னால் தள்ளினார். ஓட வேண்டிய தூரம் குறைந்தது, பையன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். பிரெக்கன்ரிட்ஜில் இருந்த பெலர்ட் இதைத் தெரிந்துகொண்டு, தன் பள்ளி ஆட்டத்திலும் கலந்துவிட்டார். பின்னாளில் தேசமே பார்த்து வியந்த ஒரு வியூகத்தின் விதை, மெதுவாக ஓடிய ஒரு பள்ளிப் பையனுக்காக ஓர் ஆசிரியர் செய்த சின்ன ஏற்பாடு.

1967-ல், 39 வயதான பெலர்ட்டை ராயல் தற்காப்புப் பக்கத்தில் ஒரு பொறுப்புக்கு எடுத்துக்கொண்டார். டெக்சாஸுக்கு அது கெட்ட காலம். 1963-ல் தேசியப் பட்டம் வென்ற அணி, 1965, 66, 67 என்று மூன்று பருவத்திலும் நான்கு நான்கு ஆட்டங்களைத் தோற்றிருந்தது. அடுத்த ஆண்டு தாக்குதல் பொறுப்பு பெலர்ட் கைக்கு வந்தது. கையில் இருந்த சரக்கு என்னவோ அபாரம்: கிறிஸ் கில்பர்ட், டெட் காய், ஸ்டீவ் வொர்ஸ்டர் என்று மூன்று ஓட்டக்காரர்கள். அன்றைய வழக்கமான அமைப்பில் இரண்டு பேருக்குத்தான் இடம். மூவரையும் ஒரே நேரத்தில் களத்தில் நிறுத்தும் வழி வேண்டும் என்றார் ராயல். 1968 கோடையில் பெலர்ட் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தார்.

அவர் வரைந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தக் கதையின் அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க ஃபுட்பாலில் நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தைத் தொடங்குகிறவர் குவார்ட்டர்பேக். பெலர்ட்டின் படத்தில் அவருக்கு நேர் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற நெருக்கத்தில், ஃபுல்பேக். அவருக்குப் பின்னால் வலமும் இடமுமாக இரண்டு ஹாஃப்பேக்குகள். மேலிருந்து பார்த்தால் கவட்டைக் குச்சியேதான்: முன்னால் காம்பு, பின்னால் இரண்டு கிளை.

ஆட்டம் வலப்பக்கம் போகிறது என்று வையுங்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஃபுல்பேக்கின் வயிற்றில் வைக்கிறார். ஆனால் கையை எடுப்பதில்லை. ஃபுல்பேக் முன்னால் பாய, பந்தும் நான்கு கைகளுமாக இருவரும் ஓரடி, இரண்டடி சேர்ந்தே போகிறார்கள். அந்த நேரத்தில் குவார்ட்டர்பேக்கின் கண் பந்தின் மேல் இல்லை. எதிரணியில் ஒரே ஓர் ஆளின் மேல் இருக்கிறது. வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவைத்த ஆள் அவர். அவர் ஃபுல்பேக்கை மடக்க உள்ளே திரும்பினால், பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். திரும்பாமல் நின்றால், பந்தை அப்படியே விட்டுவிட வேண்டும். உருவிக்கொண்டு ஓடினால் ஓரத்தில் இன்னொருவர் நிற்பார். அவரையும் யாரும் தடுப்பதில்லை. அவர் குவார்ட்டர்பேக்கின் மேல் பாய்ந்தால், பக்கவாட்டில் கூடவே ஓடிவரும் ஹாஃப்பேக்குக்குப் பந்தை வீசிவிடலாம். ஹாஃப்பேக்கைக் காக்க ஒதுங்கினால், குவார்ட்டர்பேக் தானே உள்ளே நுழைந்துவிடலாம். மற்றொரு ஹாஃப்பேக் முன்னால் ஓடி, பின்வரிசைக் காவலரைத் தடுத்து வழி விடுவார்.

ஒரே ஆட்டத்துக்குள் மூன்று ஆட்டம். எதை ஆடுவது என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. எதிராளியின் அசைவுதான் முடிவு செய்கிறது. கபடியில் பாடிப்போகிறவர் எதிராளியின் காலைப் பார்த்துத் தன் அடுத்த அடியை எடுத்துவைப்பதுபோல. எதிரணியில் இருவரைத் தடுக்காமல் விட்டதால், அவர்களைத் தடுக்க வேண்டிய ஆட்கள் மிச்சமாகி வேறிடத்துக்குப் போனார்கள். பதினொருவருக்குப் பதினொருவர் என்ற கணக்கை இப்படித்தான் பெலர்ட் தன் பக்கம் சாய்த்தார். தடுக்காமல் விட்ட ஆளைப் பார்த்து முடிவெடுக்கும் ‘ஆப்ஷன்’ ஆட்டம் அவருக்கு முன்பே இருந்தது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பில் யோமன் அதை ஆடவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஓட்டக்காரரை உள்ளே கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ஒரே பலத்தோடு ஓடும்படி அதை முழுமையாக்கியது பெலர்ட்டின் வேலை.

1968 செப்டம்பர் 21 அன்று முதல் ஆட்டமே யோமனின் ஹூஸ்டனோடு அமைந்தது. 20-20, சமன். ஆட்டம் பார்த்த செய்தியாளர்கள் இந்தப் புது அமைப்புக்கு என்ன பெயர் என்று ராயலைக் கேட்டார்கள். அவரிடம் பெயர் இல்லை. ஹூஸ்டன் போஸ்ட் பத்திரிகையின் மிக்கி ஹெர்ஸ்கோவிட்ஸ், கோழியின் கவட்டை எலும்புபோல இருக்கிறதே என்றார். ராயலுக்குப் பிடித்துப்போயிற்று. பிள்ளை பிறந்த பிறகு பேர் வைப்பதுபோல, ஆடி முடித்த பிறகு பெயர் வந்தது.

அடுத்த வாரம் லபக் நகரில் டெக்சாஸ் டெக்கிடம் 31-22 என்று தோல்வி. பெலர்ட்டின் வாழ்க்கையில் மிக நீளமான வாரம் அதற்கடுத்த வாரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு விஷயங்கள் மாறின. டெக் ஆட்டத்தின் நடுவிலேயே பில் பிராட்லியை எடுத்துவிட்டு, ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டைக் குவார்ட்டர்பேக்காக ராயல் உள்ளே அனுப்பினார். ஸ்ட்ரீட்டிடம் பிராட்லி அளவுக்குக் கைவலு கிடையாது. ஆனால் அந்தக் கண்ணிமைக்கும் நேர முடிவைத் தயங்காமல் எடுத்தார். இன்னொன்று, ஃபுல்பேக் வொர்ஸ்டர் மிக நெருங்கி நின்றதால் குவார்ட்டர்பேக்குக்கு எதிராளியைப் பார்த்து முடிவெடுக்க நேரம் போதவில்லை. அவரைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினார்கள். பள்ளிப் பையனுக்காக ஒரு காலத்தில் முன்னால் நகர்ந்த ஃபுல்பேக், வேகமான வொர்ஸ்டருக்காக இப்போது பின்னால் போனார். இடமாற்றம் என்னவோ சின்னதுதான். அடுத்த ஆட்டத்தில் ஓக்லஹோமா ஸ்டேட்டை 31-3 என்று வீழ்த்தினார்கள். அதிலிருந்து 1970 பருவத்தின் கடைசி லீக் ஆட்டம்வரை தொடர்ந்து 30 வெற்றி. குவார்ட்டர்பேக்காகத் தொடங்கிய 20 ஆட்டங்களிலும் ஸ்ட்ரீட் தோற்கவே இல்லை. பிராட்லியும் சோர்ந்துவிடவில்லை, தற்காப்புக்கு மாறி, பிறகு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியில் பெயர் வாங்கினார்.

அந்த 30-ல் ஒன்று, 1969 டிசம்பர் 6 அன்று ஃபாயெட்வில்லில் ஆர்கன்சாவோடு ஆடியது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நேரடி மோதல். ஜனாதிபதி நிக்சனே வந்து உட்கார்ந்திருந்தார். மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது ஆர்கன்சா 14, டெக்சாஸ் பூஜ்யம். நான்காம் பகுதியின் தொடக்கத்திலேயே ஸ்ட்ரீட் 42 கெஜம் ஓடிக் கணக்கைத் தொடங்கினார். கூடுதலான இரண்டு புள்ளியையும் அவரே ஓடி எடுத்தார். கடைசி நிமிடங்களில் நான்காம் முயற்சி, மூன்று கெஜம் தேவை. ஓடி ஓடியே ஜெயித்த அணியிடம் ராயல் நீளமாகப் பந்தெறியச் சொன்னார். ஸ்ட்ரீட் எறிந்ததை 44 கெஜம் தள்ளி ரேண்டி பெஷல் பிடித்தார். முடிவு 15-14. தேசியப் பட்டமும் டெக்சாஸுக்கே.

நல்ல சரக்கு ஓரிடத்தில் தங்காது. 1970-ல் பரம எதிரியான ஓக்லஹோமா, பருவத்தின் நடுவிலேயே விஷ்போனுக்கு மாறியது. அங்கே அதை முன்னின்று நடத்தியவரும் ஓர் அஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர்தான், பெயர் பாரி ஸ்விட்சர். மறு ஆண்டு ஓக்லஹோமா ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 472.4 கெஜம் ஓடியது. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. 1971 கோடையில் அலபாமாவின் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் ராயலிடமே வந்து கற்றுக்கொண்டு போனார். பயிற்சி மைதானத்தைத் திரை கட்டி மறைத்து ரகசியமாகப் பழக்கி, செப்டம்பர் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் தெற்குக் கலிஃபோர்னியா அணியை 17-10 என்று அதிரவைத்தார். அதன் பிறகு எழுபதுகளின் பட்டங்களில் பெரும்பங்கை விஷ்போன் ஆடிய அணிகளே எடுத்துக்கொண்டன. டெக்சாஸோ, 1970-க்குப் பிறகு ராயல் இருந்தவரை ஓக்லஹோமாவை ஒருமுறைகூட வெல்லவில்லை. அதற்காக, சொல்லிக்கொடுத்ததைத் தவறு என்று நான் நினைக்கவில்லை. பெலர்ட்டும் ஒரு நடுநிலைப் பள்ளிப் பயிற்சியாளரிடமிருந்து எடுத்துக்கொண்டு தொடங்கியவர்தானே.

பெலர்ட் 1972-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். முதல் பருவத்தில் மூன்றே வெற்றி. 1975, 76-ல் பத்துப் பத்து வெற்றி. இரண்டு முறையும் ராயலின் டெக்சாஸையே தோற்கடித்தார். 1978-ல் இரண்டு தோல்வி அடுத்தடுத்து வந்தது. பருவத்தின் நடுவிலேயே விலகினார். அப்போது அந்தப் பருவத்தின் கணக்கு நான்கு வெற்றி, இரண்டு தோல்வி. பிறகு ஏழு ஆண்டுகள் மிசிசிப்பி ஸ்டேட்டில். அங்கே ஹாஃப்பேக் ஒருவரை ஓரத்துக்கு நகர்த்தி, ‘விங்போன்’ என்று தன் வியூகத்தைத் தானே திருத்தி எழுதினார். 1980 நவம்பர் 1 அன்று ஜாக்சன் நகரில், தொடர்ந்து 28 ஆட்டம் ஜெயித்துவந்த பிரையன்ட்டின் அலபாமாவை அவர் அணி 6-3 என்று நிறுத்தியது. அன்று அலபாமா ஆடியதும் விஷ்போன்தான். கடைசி நொடிகளில் கோட்டுக்குச் சில கெஜம் தொலைவில் பந்தைக் கைநழுவவிட்டுத் தோற்றது.

காலம் மாறியது. தற்காப்பு ஆட்டக்காரர்கள் வேகமானார்கள். தொழில்முறை லீக்குக்குப் போக விரும்பும் குவார்ட்டர்பேக்குகள், பந்தெறியக் கற்றுத்தரும் கல்லூரிகளைத் தேடிப் போனார்கள். ஆட்டத்தில் பின்தங்கிவிட்டால் ஓடியே எட்டிப்பிடிப்பது விஷ்போனுக்குக் கடினம். பெரிய கல்லூரிகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. அதன் வழிவந்த ஆட்டத்தை ராணுவ, கடற்படை, விமானப்படைக் கல்லூரிகள் நெடுங்காலம் காப்பாற்றின. இன்று எல்லா அணிகளும் ஆடும் பல ஆட்டங்களில், ஓர் எதிராளியைத் தடுக்காமல் விட்டு, அவர் அசைவைப் பார்த்து முடிவெடுக்கும் உத்தி இருக்கிறது.

1988-ல், அறுபது வயதில், பெலர்ட் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி. பெரிய மைதானங்களைப் பார்த்த மனிதர் 1993 வரை அங்கே பிள்ளைகளோடு நின்றார். 2011 பிப்ரவரி 10 அன்று, 83-வது வயதில் காலமானார்.

1969-ல் ஆர்கன்சாவோடு ஆடிய அந்த ஆட்டத்தின் பதிவு இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பார்க்கும்போது பந்தின் பின்னால் கண்ணைக் கொண்டுபோகாதீர்கள். ஸ்ட்ரீட் ஃபுல்பேக்கின் வயிற்றில் பந்தை வைக்கும் அந்த நொடியில் படத்தை நிறுத்தி, யாரும் தடுக்காமல் விட்டிருக்கும் எதிராளி எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். 1968 கோடையில் பெலர்ட் பென்சிலோடு உட்கார்ந்து தேடியது அந்த ஆளைத்தான்.