ஒரு போர்வீரரின் தடங்களைத் தேடி

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கவசப் படையில் பணியாற்றிய ஒருவரின் வீட்டில் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஒரு புகைப்படமும் சில பதக்கங்களும்தாம். "ஆப்பிரிக்காவில் டாங்கியில் இருந்தாராம்" என்னும் ஒற்றைவரிச் செய்தியும் உடனிருக்கும். பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலும் பெயர் இராது. பிரித்தானியப் படையினருக்கு அரசு வழங்கிய அப்போர் நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. எனவே, ஆவணங்களையே நாம் நாட வேண்டியுள்ளது.

முதலாவது, தனிநபர் பணிப்பதிவேடு. பாதுகாப்பு அமைச்சகம் இவற்றை இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. எந்த நாளில் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பதை அது கூறும். அங்கு என்ன நடந்தது என்பதைக் கூறாது. இரண்டாவது, படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு. நடந்ததை அது நாள்தோறும் கூறும். ஆனால் அதிகாரிகளின் பெயர்களே அதில் மிகுதி, சாதாரண வீரர் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நிற்பார். இரண்டையும் நாள்வாரியாக அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் ஒரு மனிதரின் வரலாறு புலப்படும்.

ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் யோமன்ரி என்னும் படைப்பிரிவை எடுத்துக்கொள்வோம். குதிரைப்படையாகப் பாலஸ்தீனம் சென்ற இப்பிரிவினர், 1941இல் தோப்ருக்கிலும் கிரீட் தீவிலும் பீரங்கிப் பணியாற்றி, அதன் பின்னரே டாங்கிகளைப் பெற்றனர். தாத்தா குதிரையுடன் நிற்கும் படத்தைக் கண்டு, "இவர் டாங்கிப்படையில் இருந்திருக்க மாட்டார்" என்று ஒருவர் முடிவு கட்டினால் அது பிழையாகிவிடும்.

அதே பிரிவில் பணியாற்றிய கவிஞர் கீத் டக்ளஸ் 1944 ஜூன் 9 அன்று நார்மண்டியில் கொல்லப்பட்டார். அவரது கல்லறை இன்று டில்லி-சுர்-சொல் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. கல்லறைப் பதிவை மட்டும் பார்ப்பவர், அவர் அவ்வூரிலேயே வீழ்ந்தார் என எண்ணக்கூடும். ஆனால் அவர் இறந்த இடத்துக்கு அருகில், ஒரு வேலியோரத்தில்தான் முதலில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னரே உடல் இங்கு மாற்றப்பட்டது.

அவரை அவ்வாறு அடக்கம் செய்தவர் படைப்பிரிவின் பாதிரியார் லெஸ்லி ஸ்கின்னர். எரிந்த டாங்கிகளினுள் தாமே இறங்கி, இறந்தவர்களின் எச்சங்களை வெளியே எடுத்தவர் அவர். மறுநாளும் அத்தகைய டாங்கியிலேயே போருக்குச் செல்ல வேண்டிய வீரர்கள் அக்காட்சியைக் காணலாகாது என்று, அவர்களை இப்பணியில் சேர்க்க மறுத்தார். தாம் கண்டவற்றை நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். அரசு ஆவணத்தில் ஓர் எண்ணாக நிற்கும் மனிதர், இத்தகையோரின் குறிப்புகளில்தான் ஒரு தாயின் மகனாக நமக்குத் திரும்பக் கிடைக்கிறார்.

செவிவழிச் செய்தியைத் தீர விசாரிக்காமல் பிறருக்குச் சொல்வது இறந்தவருக்கு நாம் செய்யும் அநீதி. செய்யாத வீரத்தை ஏற்றிச் சொல்வதும் அநீதியே. செய்த தியாகத்தை மறந்துவிடுவதும் அநீதியே. உங்கள் வீட்டிலும் முன்னோர் ஒருவரின் பழைய படம் இருந்தால், அவரை அறிந்த பெரியவர்கள் நம்முடன் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் ஆண்டையும் ஊரையும் அதன் பின்புறம் எழுதி வையுங்கள். தேடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.