பொருநை நாகரிகம்

தாமிரபரணிப் படுகையில் இரும்புக் காலத்தில் தழைத்த வாழ்க்கை முறையே பொருநை நாகரிகம். பொருநை என்பது அவ்வாற்றின் பழம்பெயர். திருநெல்வேலிக்குக் கிழக்கே ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய ஊர்களில் இதன் தடயங்கள் கிடைத்துள்ளன.

சிந்துவெளியை உலகுக்குக் காட்டியவை செங்கல் நகரங்கள். பொருநையைக் காட்டியது இடுகாடு. ஆதிச்சநல்லூரில் இடுகாடாக இருந்த பரம்பு (மேட்டு நிலம்) 114 ஏக்கர் பரப்புடையது. நெல் விளையும் நஞ்சையைத் தொடாமல், உழவுக்கு ஆகாத கல்மேட்டில் குழி வெட்டி முதுமக்கள் தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். நிலத்தின் அருமை தெரிந்த குடியானவர்களின் ஏற்பாடு அது. தாழிகளுக்குள் எலும்புகளோடு கறுப்பு-சிவப்புக் கலயங்கள், இரும்பு வாள், ஈட்டி, நெல் உமி ஆகியவை இருந்தன. 2004-05 அகழாய்வில் கிடைத்த தாழித் துண்டு ஒன்றில் மெலிந்த பெண் உருவமும் கொக்கும் மானும் களிமண்ணால் ஒட்டிப் புடைப்பாகச் செய்யப்பட்டுள்ளன.

உலோகத் தேர்ச்சியே இந்நாகரிகத்தின் தலையாய கூறு. வெண்கல மூடிகளின் உச்சியில் எருமையும் சேவலும் நிற்கின்றன. தங்க நெற்றிப்பட்டங்கள் இலைபோல் மெல்லியவை. கயிறு கோத்துக் கட்டுவதற்கு இரு முனைகளிலும் துளை உண்டு. வெண்கலத்துக்கு வேண்டிய வெள்ளீயம் இப்பகுதியில் கிடைப்பதில்லை. ஆகவே தொலைதூர வணிகம் அன்றே நடந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவ்வணிகத்தின் வாசலாக விளங்கிய கொற்கையின் முத்தைக் கிரேக்க நூலான பெரிப்ளூசும் குறிப்பிடுகிறது. அத்துறைமுகத்தை விட்டுக் கடல் இன்று சில கிலோமீட்டர் விலகிவிட்டது.

சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. அங்கு இரும்புடன் கிடைத்த கரித்துண்டு கி.மு. 3345ஐச் சேர்ந்தது என்று 2025இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. உலகின் இரும்பு வரலாற்றையே திருத்தக்கூடிய காலக்கணிப்பு இது. எனினும் மற்ற இடங்களின் சான்றுகளோடும் ஒப்பிட்டு இது உறுதி செய்யப்பட வேண்டும்.

ஆதிச்சநல்லூரில் 1876இல் முதன்முதலாகத் தோண்டிய ஜெர்மானியர் யாகோர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. தாழிகளைப் புதைத்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கும் வசதி 2023 முதல் ஆதிச்சநல்லூரில் இருக்கிறது.