பார்க்கும் கதிரே பழுதாக்குமா?

கையடக்கத் தொலைபேசி முதல் கணினி வரை நாம் அன்றாடம் கையாளும் கருவிகளின் உயிர்நாடியாக விளங்குபவை சிலிக்கன் போன்ற குறைகடத்திகளாகும். அவற்றினுள் அணுக்கள் இடம்பெயர்வதைக் காண எக்ஸ் கதிர் வேண்டும். அக்கதிரும் சில பெம்டோ செக்கன்களே நீடிக்கும் துடிப்புகளாக அமைதல் வேண்டும். ஒரு செக்கனைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறை மீண்டும் நூறு கோடி கூறாக்கினால் கிடைப்பதே ஒரு பெம்டோ செக்கன். இக்கால அளவில் இரசாயனத் தாக்கங்களை லேசர் ஒளியால் ஆராய்ந்தமைக்காக எகிப்தில் பிறந்த அஹமட் ஸெவைல் 1999இல் நோபல் பரிசு பெற்றமை இங்கு நினைவுகூரத்தக்கது. அத்தகைய வலிமைமிக்க எக்ஸ் கதிர்த் துடிப்புகளை வழங்கும் நிலையம் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் 2009இலும், ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரருகே 2017இலும் இயங்கத் தொடங்கின.

ஆயினும் இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. இத்துணை வலிய கதிர், தான் காட்டவந்த பொருளையே குலைத்துவிடாதா? அவ்வாறாயின் நாம் காண்பது பொருளின் இயல்பையா, அதன் சிதைவையா?

எக்ஸ் கதிர் சிலிக்கன் அணுவைத் தாக்கும்போது அதன் உள்ளோட்டு இலத்திரன் வெளியேற்றப்படுகின்றது. அவ்விலத்திரன் அயலிலுள்ளவற்றை மோத, அவையும் விடுபடுகின்றன. ஓர் இலத்திரனும் அது விட்டுச்சென்ற துளையும் சேர்ந்த ஒரு சோடி உருவாக ஏறத்தாழ 3.6 இலத்திரன் வோல்ற்று சக்தி போதும். எனவே 8,000 இலத்திரன் வோல்ற்று சக்தியுடைய ஒரேயொரு கதிர்த்துகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோடிகளைத் தோற்றுவிக்கவல்லது.

அணுக்களைப் பிணைத்து வைத்திருப்பவை இலத்திரன்களே. அவற்றிற் பெரும்பகுதி ஒரே கணத்தில் விடுபட்டால், பொருள் சூடாகுமுன்னரே பளிங்கின் ஒழுங்கு குலையும். 2005இல் ஸ்டான்போர்டில் இந்தியம் அன்டிமனைட்டுப் பளிங்கை லேசரால் தாக்கி, எக்ஸ் கதிரால் நோக்கியபோது இது தெளிவாயிற்று. பிணைப்புத் தளர்ந்ததும் அணுக்கள் தாம் முன்பு கொண்டிருந்த வேகத்துடனேயே விலகிச் சென்றன. வெப்பம் பரவும்வரை அவை காத்திருக்கவில்லை.

நமது ஐயத்துக்கு நேரடி விடையளித்தது ஜப்பானின் சக்லா நிலையத்தில் நடந்து, 2016இல் வெளியான பரிசோதனையாகும். சிலிக்கனையொத்த அணுவமைப்புடைய வைரத்தின்மீது, 5 பெம்டோ செக்கன் நீளமான இரு எக்ஸ் கதிர்த் துடிப்புகள் அடுத்தடுத்துச் செலுத்தப்பட்டன. முதலாவது தாக்கியது, இரண்டாவது விளைவைப் பார்த்தது. ஏறத்தாழ 20 பெம்டோ செக்கன் வரை அணுக்களின் ஒழுங்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. அதன் பின்னரே சிதைவு புலனாயிற்று.

ஆகவே அக்கால எல்லைக்குள் முடிந்துவிடும் துடிப்பு காட்டும் அணுவமைப்பை நாம் நம்பலாம். ஆனால் இலத்திரன்களோ கதிர் பட்ட கணத்திலேயே நிலைமாறத் தொடங்கிவிடுகின்றன. அவற்றைப் பற்றிய அளவீடுகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். காணச் செலுத்தும் கதிர் காணப்படும் பொருளைத் தீண்டாமல் விடுவதில்லை. எவ்வளவு தீண்டியது, எப்போது தீண்டியது என்பதை அளந்தறிந்த பின்னரே கண்டதை உண்மையெனக் கொள்ளலாம் என்பதே குறைகடத்திகள் நமக்குக் கற்றுத்தரும் பாடமாகும்.