அன்றாடச் சொல் எது? திருப்பத்தூர் வட்டாரமும் ஆங்கிலச் சொற்கல்வி வரலாறும்

திறவுச்சொற்கள்: திருப்பத்தூர், சவ்வாது மலை, இரண்டாம் மொழிக் கல்வி, சொற்பட்டியல், மரபுத்தொடர், கூட்டுவினை

முன்னுரை

தமிழ்நாட்டில் ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1835ஆம் ஆண்டின் மெக்காலே குறிப்பில் தொடங்கி, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதைத் தொட்டுப் பாடநூல்களுக்கு வந்துசேர்வர். இவ்வரலாறு பிழையன்று, ஆயினும் பள்ளிக்குள் நிகழ்ந்ததை மட்டுமே அது கல்வியாகக் கொள்கிறது. சிற்றூர் மக்களிடம் ஆங்கில அன்றாடச் சொற்கள் முதலில் செவிவழியே வந்தன. இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று அறியாமல் சென்றதன் விளைவைத் திருப்பத்தூர் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கச்சேரியும் இரயிலும்

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியின் கைக்கு மாறியது. அதன் நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமசு மன்றோ அப்போது அவருடைய உதவியாளருள் ஒருவர். நிலத்தை அளந்து வரி விதிக்க வந்த இவர்களுக்கு ஊர்மொழி தேவைப்பட்டது. ஆகவே இவ்வட்டாரத்தில் மொழி கற்கும் கட்டாயம் முதலில் ஆங்கிலேயருக்கே நேர்ந்தது என்பது நோக்கத்தக்கது. கச்சேரி வழக்கிலோ ஜமாபந்தி, கிஸ்தி, தாசில்தார் எனப் பாரசீக, அரபுச் சொற்களே மிகுந்திருந்தன. கலெக்டர் போன்ற ஆங்கிலச் சொற்கள் அவற்றிடையே இடம்பிடித்தன. இவற்றை மக்கள் பாடமாகப் படிக்கவில்லை. மனுக் கொடுக்கச் சென்ற இடத்தில் பெற்றனர்.

இரயில் இதனை விரைவுபடுத்தியது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய வண்டி, 1860களின் தொடக்கத்திற்குள் இப்பகுதியைக் கடந்து தென்மேற்கே நீண்டது. பெங்களூர்க் கிளைப்பாதையும் அமைந்தபின் சோலையார்பேட்டை பெருஞ்சந்திப்பாயிற்று. டிக்கட், சிக்னல், கார்டு, பிளாட்பாரம் ஆகியவை எழுத்தறியாதோர் நாவிலும் புழங்கின. 'ஸ்டேஷன்' 'டேசன்' ஆனது. வடசொல் தன் அயலெழுத்தை விட்டு வரவேண்டுமெனத் தொல்காப்பியர் கூறிய நெறியை ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்றியவர் இலக்கணப் புலவர் அல்லர், பயணிகளே. பொருளும் மாறிற்று. நகரத் தெருவோர நடைபாதையையும் தமிழர் 'பிளாட்பாரம்' என்றே வழங்குகின்றனர். கடன் வாங்கியவர் அச்சொல்லைத் தம் விருப்பப்படி செலவிட்டதற்கு இது சான்று.

மரபுத்தொடர்களும் இவ்வழியே தோன்றின. இசைவு தருதலைப் 'பச்சைக்கொடி காட்டுதல்' என்கிறோம். நெறி பிறழ்தலைத் 'தடம் புரளுதல்' என்கிறோம். 'வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும்' என்னும் வசவிலோ ஆங்கிலத்தின் சாயலே இல்லை. புதிய பொருள் ஊருக்குள் வந்தால் மக்கள் அதிலிருந்து உவமையை உருவாக்கிக்கொள்கின்றனர்.

பட்டியலுக்குள் வந்த சொற்கள்

பள்ளிவழியின் போக்கு இதற்கு நேர்மாறானது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், கற்போருக்குத் தேவையான சொற்களை வரம்பிட்டுத் தரவேண்டும் என வாதிட்டார். அவர் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியல் சுமார் 2000 தலைச்சொற்களைக் கொண்டது. அச்செழுத்தில் சொற்கள் பயின்ற அளவே அதன் முதன்மை அடிப்படை. சென்னை மாநிலம் 1950களில் அமைப்புமுறைப் பாடத்திட்டத்தை ஏற்றது. 1959இல் பிரித்தானியக் கவுன்சிலின் துணையுடன் ஆங்கில ஆசிரியர் பயிற்சி இயக்கம் தொடங்கியது. பயிற்சி பெற்றவர் பிறரைப் பயிற்றுவிப்பது என்னும் ஏற்பாட்டால் அது மாநிலமெங்கும் பரவியது. ஒழுங்கான முயற்சி என்பதில் ஐயமில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. வகுப்பில் தாய்மொழி விளக்கம் இயன்றவரை தவிர்க்கப்பட்டது. இதனால் பெரிதும் இடர்ப்பட்டது கூட்டுவினைக் கல்வி. 'லுக்' என்னும் வினை 'ஆஃப்டர்', 'ஃபார்', 'ஃபார்வர்ட் டு' ஆகியவற்றோடு சேர்ந்து வெவ்வேறு பொருள் தருவதை மாணவர் மனப்பாடம் செய்தனர். தமிழில் 'பார்' என்பது 'பார்த்துக்கொள்' எனின் பேணுதலையும், 'எதிர்பார்' எனின் வரவு நோக்குதலையும், 'செய்துபார்' எனின் முயலுதலையும் உணர்த்துகிறது. ஒரு வினை துணை சேர்ந்து பொருள் மாறும் இயல்பைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்கு வருமுன்னரே கைவரப் பெற்றிருக்கிறது. அவ்வறிவை வாயிலில் விட்டுவரச் சொன்னது அம்முறையின் பெருந்தவறு என்பது என் கருத்து. மரபுத்தொடர்களின் நிலை இன்னும் மோசம். பூனையும் நாயுமாய் மழை பெய்யும் தொடரைத் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்தோம். அதனை உரையாடலில் பயன்படுத்திய தமிழரைக் காண்பது அரிது.

மலையில் ஒரு வினா

1968இல் இருமொழிக் கொள்கை ஏற்கப்பட்டபின் ஆங்கிலத்தின் இடம் உறுதிப்பட்டது. சமவெளியில் செவிவழி ஏற்கெனவே திறந்திருந்தது. புதூர்நாடு முதலிய சவ்வாது மலைப் பகுதிகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழின் கிளைவழக்கொன்றைப் பேசுவோர். அப்பகுதி மாணவர்க்குப் பாடநூல் தமிழே ஓரளவு கற்றுக்கொள்ள வேண்டிய வழக்கு. அதன் மேல் ஆங்கிலம். இரயிலும் கச்சேரியும் தொலைவில் இருந்தமையால் செவிவழிச் சொற்களின் துணையும் அவர்க்குக் குறைவு. சாமை விதைப்பதும் புளி உலுக்குவதும் அவர்தம் அன்றாடம். வெஸ்டின் பட்டியலில் சாமைக்கும் புளிக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் இல்லை. அன்றாடச் சொல் என்று அச்சிட்டுத் தரப்பட்டது எவருடைய அன்றாடம் என்னும் வினா இங்குத்தான் கூர்மை பெறுகிறது.

பட்டியல்முறைக்கு மாற்று தென்னிந்தியாவிலேயே எழுந்தது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் நடத்திய திட்டம், சொல்லையும் அமைப்பையும் முன்கூட்டி வரிசைப்படுத்தாமல் மாணவர்க்குச் செயல்களை அளித்தது. அவற்றுள் ஒன்று இரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது. சோலையார்பேட்டையில் பயணிகள் செய்துவந்ததை அத்திட்டம் வகுப்பறைக்குள் கொணர்ந்தது எனலாம். மலைப்பள்ளியில் அட்டவணைக்கு ஈடாக வாரச்சந்தையின் விலைப்பலகையைக் கொள்ளலாம். அதில் முதல் வரி சாமையாகவே இருக்கக்கூடும்.