116: மொழி மாறிய எண்

‘கூடச்சாரி 116’ என்னும் தெலுங்கு ஒற்றர் படம் 1966இல் வெளிவந்தபோது, அதன் நாயகன் கிருஷ்ணா திரையுலகிற்குப் புதியவர். அன்று தெலுங்குத் திரையின் மையம் சென்னையே. ஹைதராபாத்தின் நாச்சாரத்தில் ராமகிருஷ்ணா ஸ்டுடியோ பின்னாளில்தான் எழுந்தது. படத்தில் ஜேம்ஸ் பாண்டின் சாயல் வெளிப்படை. எனினும் பாண்டுக்கு நான்காண்டுகள் முன்பே, 1949இல், ழான் புரூஸின் பிரெஞ்சு நாவல்களில் ஓ.எஸ்.எஸ். 117 பிறந்துவிட்டான், ஆகவே 116ஐ 007இன் நிழலாக மட்டும் காண்பது அவசர முடிவு.

படத்தின் ஒளிப்பதிவாளர் ரவிகாந்த் நகாய்ச் மறு ஆண்டே அக்கதையை இந்தியில் ‘ஃபர்ஸ்’ என இயக்கினார், நாயகன் ஜிதேந்திரா. நகாய்ச்சே இயக்கிய ‘கீமத்’தில் (1973) தர்மேந்திராவும் ‘ரக்ஷா’வில் (1982) மீண்டும் ஜிதேந்திராவும் நடித்தனர். நடிகர் மாறினும் கோபால் என்ற பெயரும் 116 என்ற எண்ணும் நிலைத்தன. பாண்டு தொடரைச் சுமந்தது ஒரு தயாரிப்பு நிறுவனம். இந்தியில் இவ்வெண்ணைச் சுமந்தவர் ஒரு ஒளிப்பதிவாளர். தமிழிலோ, ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) காட்டுவதுபோல, ஜெய்சங்கரின் துப்பறிவாளனுக்குப் பெயரே அடையாளமாயிற்று.